மூன்றாம் குரலுக்கு ஒரு வரி

—...பொய்முடியைக் கழட்டாமலே தூங்கியிருக்கீங்க. எந்திரிங்க.

—தாமசின்! நேத்து ராத்திரி நீ அங்கே இருந்திருக்கணும்டி!

—மதுக்கடைப் பாட்டுச் சங்கத்துல பொம்பளை காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதானே?

—அது... அதை விடு. ஒருத்தர் வாலைப் பிடிச்சு ஒருத்தர்னு மூணு பேர் சுத்திச் சுத்திப் பாடற பாட்டு லண்டன்ல தெருவுக்குத் தெரு இருக்கு. ஆனா இப்படி ஒரு சிரிப்பு! கேக்க வந்திருந்த ஒரு பிரபு கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. கூடப் பாடின ரெண்டு பேருக்கே சிரிப்புத் தாங்கல!

—பாட்டு யார் கட்டினதுன்னு கேட்டிருப்பாரே?

—கேட்டாரு...

—"பேர் சொல்ல விரும்பாத ஒரு சீமாட்டி"ன்னு சொன்னீங்களா? அப்படித்தானே எனக்குச் சத்தியம் பண்ணீங்க?

—வாயெடுத்தேன்... அதுக்குள்ள எல்லாரும் "ஆம்புரோஸ், ஆம்புரோஸ்"னு கத்திட்டாங்க.

—பாவம். நீங்க என்ன பண்ணுவீங்க.

—கிண்டலா? கேளு. பிரபு தன் மாளிகைக்குப் பாட்டுக் கட்ட ஆள் தேடறாராம். ஞாயித்துக்கிழமை வரச் சொன்னாரு. பெண்டாட்டியையும் கூட்டிட்டு வரணுமாம்.

—என்னை எதுக்கு?

—பெரிய மனுசங்க மரியாதை. ஆனா... ஏன்னு தெரியல, அதைச் சொல்லும்போதும் சிரிச்சாரு.

—பாடும்போது மத்த ரெண்டு பேரைக் கவனிப்பீங்களா நீங்க?

—என் குரலைக் கேக்கவே எனக்கு நேரம் சரியாயிருக்கு!

—தெரியும். எங்கே, முதல் ஆள் எப்படி எடுத்தாரு?

—நீ எழுதினதுதானே? "பாட்டெல்லாம் பாடுவோம், பீர் ஊத்துங்கடா..."

—நில்லுங்க. முதல் சொல்லுக்கு அப்புறம் மூச்சு விட இடம் வச்சிருக்கேனே. அந்த இடைவெளியில ரெண்டாம் ஆள் என்ன சொல்லுவாரு?

—"பெண்டாட்டியோடது அடுப்படி, நமக்கென்ன..."

—அவருக்கும் முதல் சொல் போதும். அவர் நிறுத்தினதும்?

—அப்பதானே நான்! சுத்திலும் கப்சிப்... "பேர் மட்டும் எனக்குக் கெட்டுப்போச்சு"ன்னு...

—"எனக்கு"ன்னு நீட்டி நிறுத்தச் சொல்லியிருந்தேனே?

—நீட்டினேனே! கூரை அதிர்ந்துச்சு!

—இப்ப, விட்டு விட்டு வந்ததை வரிசையாச் சேர்த்துச் சொல்லுங்க.

—பாட்டெல்லாம்... பெண்டாட்டியோடது... பேர் மட்டும் எனக்கு...

—ம்...

—அடிப்பாவி! தாமசின்!

—உங்க குரல்தாங்க கடைசி மேசை வரைக்கும் கணீர்னு கேக்கும். அதான் அந்த வரியை உங்களுக்குன்னே வச்சேன்.