கடிக்கிற மைக்கு

மோகனப்பிரியா: …அதான் சொல்றனுங்க மேனேசரண்ணா, உங்க மண்டபத்து மைக்கு என்னையக் கடிக்குது!

வெள்ளியங்கிரி: மைக்கு எங்காச்சும் கடிக்குமுங்களா அம்மணி? இத்தன வருசமா மேனேசரா இருக்கறேன், எந்தப் பாட்டுக்காரியும் இப்படிச் சொன்னதில்லீங்க.

மோகனப்பிரியா: சொல்ல வாய் இருந்திருக்காதுங்க! உதட்டுல பட்டா சுர்ருங்குது.

வெள்ளியங்கிரி: அது… உதட்டுச்சாயம் ஒத்துக்கலையோ என்னமோ.

மோகனப்பிரியா: அப்ப எங்க கீபோர்டு முத்தலிப் அண்ணன் வெரல்லயும் சாயமுங்களா? தொட்ட கைய ஒதறிக்கிட்டுப் படிக்கட்டுல உக்கோந்திருக்காரு!

வெள்ளியங்கிரி: தாளம் போடறாருன்னு நெனச்சனுங்க.

மோகனப்பிரியா: வெளையாடாதீங்க. எர்த் இருக்குதுங்களா, இல்லீங்களா?

வெள்ளியங்கிரி: எர்த்துக்கு என்னங்க கொறச்சல்? சோமனூர்ல எங்க பாத்தாலும் மண்ணுதானுங்களே!

மோகனப்பிரியா: சரி, செருப்பப் போட்டுக்கிட்டாவது பாடறேன்.

வெள்ளியங்கிரி: ஐயையோ! மேடையில புள்ளையாரு வெச்சுப்போட்டாங்க. செருப்போட ஏறுனீங்கன்னா பொண்ணூட்டுக்காரங்க என்ற தோல உரிச்சுப்போடுவாங்க.

மோகனப்பிரியா: ஏறலீன்னா அடுத்த கல்யாணத்துக்கு எங்களை எவனும் கூப்புட மாட்டான். ஏறுனா… கூப்புட நானே இருக்க மாட்டேன்.

வெள்ளியங்கிரி: வாயக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாடுங்க கண்ணு.

மோகனப்பிரியா: போத்தனூர்ல நின்னு பாடட்டுங்களா? அத்தன தூரம் போதுமா?

வெள்ளியங்கிரி: கோவிச்சுக்காதீங்க கண்ணு, ஒரே ஒரு பாட்டு பாடிப்போடுங்க.

மோகனப்பிரியா: இல்ல, நீங்களே வாங்க. வெறுங்காலோட நின்னு இதப் புடிச்சு, 'எல்லாரும் சாப்புட வாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அப்பறம் நான் பாடறேன்.

வெள்ளியங்கிரி: நானுங்களா? எனக்கு… தொண்ட கட்டியிருக்குதுங்க.

மோகனப்பிரியா: இத்தன நேரம் கட்டலையே?

வெள்ளியங்கிரி: இப்பத்தானுங்க கட்டுச்சு.

சுரேந்தர்: யோவ் வெள்ளியங்கிரி! மாப்ள பொண்ணு உக்கோந்தாச்சு, பாட்டக் காணோம். என்னய்யா பஞ்சாயத்து?

வெள்ளியங்கிரி: வாங்க மொதலாளி… சும்மா பேசிட்டிருக்கறமுங்க.

மோகனப்பிரியா: மண்டபம் உங்குளுதுங்களா? மைக்குல கரண்ட் அடிக்குதுங்க.

சுரேந்தர்: என்ற மண்டபத்துலயா? கரண்டு பாலாட்டம் வருது அம்மணி! பாட வராதவங்க மைக்கக் கொற சொல்றது உள்ளதுதான். குடு இங்க, நானே பேசிக் காட்டறேன்.

வெள்ளியங்கிரி: வேண்டாமுங்க மொதலாளி…

சுரேந்தர்: ஏன், எனக்குப் பேச வராதா?

வெள்ளியங்கிரி: வருமுங்க… நல்லாவே வருமுங்க…

சுரேந்தர்: தள்ளுய்யா அக்கட்ட! ஹலோ…

வெள்ளியங்கிரி: தொடாதீங்க மொதலாளி! எர்த்தே இல்லீங்க! வாசல்ல டைல்ஸ் ஒட்டறப்ப, எர்த் குழி அசிங்கமா இருக்குது, மூடுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க… ஒயர அறுத்து உள்ள தள்ளித்தானுங்க மூடுனேன்!

மோகனப்பிரியா: பதறாதீங்கண்ணா, அவரு கையில இருக்கறது வெறுங்கட்ட. முத்தலிப் அண்ணன் கைய ஒதறுனப்பவே நான் ஒயரெல்லாம் புடுங்கிப்போட்டேன். போயி எலக்ட்ரீசியனக் கூட்டியாங்க… எனக்குன்னா தள்ளி நின்னு பாடு, மொதலாளிக்குன்னா தொடாதீங்க! நல்லா இருக்குதுங்கண்ணா உங்க நாயம்.