விழுகிற ஆராய்ச்சி

எனக்கு முட்டிவலி, உட்கார்ந்தே சொல்கிறேன். வாக்குமூலத்தில் நான் சொன்னதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம்.

முப்பது வருடமாக மனோதத்துவத் துறையில் கூட்டித் துடைக்கிறேன். எட்டாவது தாண்டாதவன். பேராசிரியர் இரண்டு நாட்டில் படித்துப் பட்டம் வாங்கியவர். ஒருவன் மயங்கி விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் தூக்குவானா, வேடிக்கை பார்ப்பானா? இதுதான் அவருடைய ஆராய்ச்சி. இதற்குக் கைதட்டல், பரிசு எல்லாம் உண்டு. ஓய்வு நேரத்தில் அவருக்கு நாடகப் பைத்தியம். அதனால் விழுகிற ஆளாகவும் அவரே நடிப்பார். நெஞ்சைப் பிடித்துச் சரிவார், அசலாக இருக்கும். பக்கத்து அறையிலிருந்து கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்க்கலாம். விழுந்தவருக்கு நாம் தெரிய மாட்டோம்.

நான் சேர்ந்த புதிதில் அந்த அறையில் எவனோ விழுந்தான். நடிப்பு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கிட்டே போனால் பர்ஸைக் காணோம் என்பான். துடைப்பத்தோடு நழுவிவிட்டேன். அதைப் பேராசிரியர் படம் பிடித்து வருடா வருடம் வகுப்பில் போட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். பழகிப்போனது.

இந்த வருடம் என் பேத்தி அந்த வகுப்பில் சேர்ந்தாள்.

"தாத்தா, அது நீங்கதானா?"

"ஆமா."

"செத்துப்போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதில்லை. நான் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

படத்தை அழித்துவிடுங்கள் என்று பேராசிரியரிடம் கேட்டேன்.

"அட, பெரியவரே! நம்ம வகுப்புலயே அதுதான் சூப்பர்ஹிட்டு. கோச்சுக்காதீங்க" என்று தோளில் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த அறையில் தனியாக இருந்த பேராசிரியர் விழுந்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன். மறுபடியும் என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். யார்தான் நினைக்க மாட்டார்கள்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கை கதவுப் பக்கம் நீண்டது. ஒரு மாணவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"சார் உள்ள இருக்காரா?"

"ஆராய்ச்சி நடக்குதும்மா, கெடுத்துடாத. சாயங்காலமா வா."

போய்விட்டாள். நாற்பது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். நடிக்கும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் விழுவார். அன்று அது முகத்தோடு போய்த் தரையில் மோதி நொறுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் நாற்காலியை இழுத்தேன். அசைவு நின்றதும் உள்ளே போய்ச் சில்லுகளை ஒன்றுவிடாமல் பெருக்கி எடுத்தேன். வருகிறவர்கள் காலில் குத்திவிடக் கூடாதே. அடுத்தவருக்கு உதவாதவன் என்று இனி என்னை யாரும் சொல்ல முடியாது.