மூலைக் கட்டிலில் எடுத்த ரத்தம்

மாலை ஆறே முக்கால். வைனிபுக்கா ஆற்றோரச் சாலை. வெள்ளம் வடிந்து நான்கு நாள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு விளக்கு இல்லை. லைசானி தனியாக வண்டி ஓட்டிப் போனாள்... என் சிநேகிதியின் அக்கா. டாக்டருக்குப் படித்துவிட்டு, தீவின் தலைநகர் சுவாவில் கிருமிகளைப் பற்றி மேற்படிப்பு. ஆற்றோர ஊர்களில் பரவும் காய்ச்சலை ஆராய, நோயாளிகளின் ரத்தத்தைப் புட்டியில் எடுத்து என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுகாதார நிலையத்தில் கரண்ட் இல்லை. நர்ஸ் தித்திலியா பின்பக்கம் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "நீ உள்ள போய் எடுத்துக்க. நான் இத விட்டு நகர முடியாது."

நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு லைசானி உள்ளே போனாள். முதல் கட்டிலில் கிழவர் சமிசோனி.

"என் ரத்தத்துல என்ன டாக்டர் வளரும்? முப்பது வருசம் யங்கோனா வேர்ச்சாறு குடிச்சு மயங்குன ரத்தம். கிருமி தூங்கிப்போயிடும்."

சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

மூலைக் கட்டிலில் ஒரு பெண். தலைமுடி சொட்டிக்கொண்டிருந்தது... சொட்... சொட்... ஆற்றுச் சேற்று வாடை. கேட்காமலே கையை நீட்டினாள். சில்லென்ற கை. காய்ச்சல்காரிக்கு இது எப்படி என்று தோன்றியது, அவ்வளவுதான்.

"பேரு?"

"அதேதா."

ரத்தம் எடுத்து, புட்டியில் அந்தப் பேரை எழுதினாள். ஜெனரேட்டர் இரைச்சலில் நர்ஸிடம் கையசைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மூன்றாம் நாள், ஆய்வகத்தில் சமிசோனியின் புட்டி தெளிவாக இருந்தது. அதேதாவின் புட்டி கிருமி வளர்ந்து கலங்கியிருந்தது. சோதித்தாள். டைபாய்டு. உடனே தித்திலியாவுக்குப் போன் போட்டாள்.

"அந்த மூலைக் கட்டில் பொம்பளை, அதேதாவுக்கு, மருந்தை ஆரம்பி."

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம். பிறகு...

"அன்னிக்கு உள்ள இருந்தது சமிசோனி ஒருத்தர்தான். அதேதா வெள்ளத்தன்னிக்கே செத்துட்டா. ஆத்தைத் தாண்டிக் கொண்டுவர முடியல. என்ன காய்ச்சல்னே தெரியாம புதைச்சாங்க."

லைசானி புட்டியில் எழுதிய பேரை மறுபடி பார்த்தாள்.

"அவ மகளை இப்பத்தான் தூக்கிட்டு வந்திருக்காங்க, லைசானி. ஏழு வயசு. கண்ணே திறக்கல."

"டைபாய்டுக்குக் குடு. நான் சொல்றேன், குடு."

பிள்ளை பிழைத்துக்கொண்டது. பத்து நாள் கழித்து லைசானி பார்க்கப் போனாள். உச்சி வெயில் நேரம். பிள்ளை அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் வரச்சொல்லி, காதோடு கேட்டது.

"அம்மாவுக்கு ஊசி குத்துனது நீங்கதானே அக்கா?"

லைசானி தலையாட்டினாள்.

"இன்னும் ரத்தம் நிக்கலையாம்... பஞ்சு கேக்குறாங்க."