வீட்டுப் பெட்டி

தேத்தண்ணியில் சீனி கொஞ்சம் தூக்கல், மேடம். குறையாகச் சொல்லவில்லை; சூடாக இருக்கிறது, அது போதும். கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியும்.

வீட்டை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஜெயலெட்சுமி, நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். ஏன் தேடினாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. போகட்டும், கேட்டதற்கே பதில் சொல்கிறேன்.

என் பெயர் பெர்னார்ட். டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டில், டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஹாலில் என்னுடையது, அறையில் மகள் நடாஷாவுடையது. கேம் எல்லாம் என் பெயரில் வாங்கியவை. ஒன்றை வாங்கினால் இரண்டு பெட்டியிலும் விளையாடலாம். ஆனால் ஒரு பெட்டியைத்தான் வீட்டுப் பெட்டி என்று பதிந்து வைக்க முடியும். அதில் நெட் இல்லாமலே கேம் ஓடும். மற்றது ஒவ்வொரு தடவையும் நெட்டில் போய் அனுமதி கேட்க வேண்டும். அந்த உரிமையை நான் எனக்கு வைத்துக்கொள்ளவில்லை, பிள்ளைக்குத்தான் கொடுத்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னை மிருகம் என்று எழுதுகிற பத்திரிகைக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

என் மனைவி ஷர்மினி மார்ச் மாதம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் கை நீட்டியது மொத்தமே நாலைந்து தடவை. எலும்பு முறிந்தது ஒரே தடவை. அதற்குப் போய் கோர்ட்டில் ஒரு தாள் வாங்கினாள், நான் கிட்டே வரக்கூடாதென்று. போன் நம்பரை மாற்றினாள், வேலையை மாற்றினாள், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றினாள். கெட்டிக்காரி. நடாஷா அழுதிருப்பாள் போல, அவளுடைய பெட்டியை மட்டும் ஷர்மினி எடுத்துப் போயிருந்தாள். நெட்டோடு சேர்க்கவே கூடாது என்று பிள்ளையிடம் சொல்லியும் வைத்திருந்தாள். வீட்டுப் பெட்டிதானே, நெட் இல்லாமலே ஓடியது. நான் ஆசையாகக் கொடுத்ததை வைத்துக்கொண்டே என்னிடமிருந்து ஒளிந்தார்கள். அதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

ஆகவே என் பக்கமிருந்து அந்த உரிமையை எடுத்துவிட்டேன். ஒரு பட்டன், அவ்வளவுதான். ஆனால் அது நடாஷாவின் பெட்டிக்குத் தெரிய வேண்டுமென்றால், பெட்டி ஒரு தடவையாவது நெட்டைத் தொட வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன்.

காத்திருப்பது எனக்கு வராது, மேடம். டத்தோ கிராமாட்டிலிருந்து லிட்டில் இந்தியா வரைக்கும் நடப்பேன், திரும்புவேன், வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு மறுபடி நடப்பேன். தோசையைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவேன். ஞாயிறு பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூடக் கை போனைத் தடவும். அதிலுள்ள கேம் ஆப்பில் நடாஷாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அவள் நெட்டில் வந்தால் பச்சையாகும். ஐம்பத்திரண்டு நாள் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

பள்ளி விடுமுறையில், நாங்கள் விளையாடும் கார் பந்தயத்தில் புதிதாக ஒரு பச்சைத் தவளை வண்டி விட்டார்கள். நெட்டில் போனால்தான் கிடைக்கும். நடாஷாவுக்கு ஒன்பது வயது, தவளை என்றால் உயிர். அந்த வாரம் நான் வேலைக்கே போகவில்லை. வியாழக்கிழமை மதியம் புள்ளி பச்சையானது. நான் அழுதேன் மேடம். பெற்றவன் அழமாட்டானா?

மறுநாள் கேம் வழியாக அவளே எழுதினாள். "அப்பா, நெட் இல்லாட்டி கேம்ல பூட்டு படம் வருதுலா. நீங்க பூட்டினீங்களா?"

"இல்லம்மா, பெட்டி கோளாறு. நெட் போட்டா தொறந்துக்கும். அம்மாகிட்ட சொல்லாத, ஏசுவாங்க."

ஷர்மினி வேலைக்குப் போனதும், அவர்கள் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரி ரோஹானாவின் போனிலிருந்து நெட் எடுத்துக்கொண்டு நடாஷா கேமுக்கு வருவாள். தினமும் சேர்ந்து ஓட்டினோம், ஹெட்செட்டில் பேசிக்கொண்டே. நான் முகவரி கேட்டதே கிடையாது. ஜன்னலில் என்ன தெரியுது என்றுதான் கேட்டேன்.

"டுரியான் மரம்ப்பா. கீழ வலை கட்டியிருக்காங்க. பக்கத்து வீட்டுல ஜாதிக்கா காயப் போடுறாங்க."

"உங்க வீட்டு கேட்டு என்ன கலரு?"

"நீலம். ரோஹானா அக்கா காடி சிவப்பு."

டுரியானும் ஜாதிக்காயும் என்றால் தோட்டங்கள் நிறைந்த பாலிக் புலாவ் பக்கம்தான். நீலக் கேட்டும் வாசலில் நிறுத்திய சிவப்புக் காடியும் கண்ணில் பட, தெருத் தெருவாக ஓட்டி எனக்கு இரண்டு நாள் ஆனது. பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. அப்பா கேட்டார், சொன்னாள்.

ஷர்மினிக்குப் புதன்கிழமை லீவு. அதுவும் நடாஷா சொன்னதுதான். ரோஹானா காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பும்வரை, தெருவில் நிறுத்திய என் காடியிலேயே இருந்தேன். நடாஷாவுக்குப் பரிசாக, கேம் ஓட்டக் கையில் பிடிக்கும் ஒரு புது கண்ட்ரோலர் கொண்டுபோயிருந்தேன். டப்பாவைக் காடியிலேயே பிரித்துவிட்டேன், அவர்கள் வீட்டில் குப்பை எதற்கு?

நடாஷாதான் கிரில் கதவைத் திறந்தாள். "அம்மா, அப்பா வந்துட்டாங்க" என்று குதித்தாள். ஷர்மினி சமையலறையிலிருந்து வந்தாள். கத்தவில்லை. என் கையைப் பார்த்தாள்.

"பிள்ளைய உள்ள போகச் சொல்லுங்க, பெர்னார்ட். அவ பாக்க வேணாம்."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயங்கள் கொஞ்சம். அதில் இது ஒன்று. நடாஷாவை அறைக்குக் கூட்டிப்போய், ஹெட்செட்டை நானே மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்தேன். "ஒரு பந்தயம் ஓட்டும்மா, அப்பா வந்துடறேன்" என்றேன். ஒரு பந்தயம் பன்னிரண்டு நிமிடம். கண்ட்ரோலரின் சார்ஜ் ஒயர் என் கையில் இருந்தது. அதற்காக நான் அதைக் கொண்டுபோகவில்லை. நடாஷா ஓட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆமாம் மேடம், ஷர்மினியை நான்தான் கொன்றேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அதோடு இதையும் சேர்த்து எழுதுங்கள். கிளம்பும் முன் அறைக்குப் போனேன். அவள் மூன்றாவதாக வந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெட்டியைத் திரும்ப வீட்டுப் பெட்டியாகப் பதிந்து கொடுத்தேன். இனி அவளுக்கு நெட் வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அம்மா எங்கே என்று கேட்டாள். தூங்குறாங்க, எழுப்பாதே என்றேன். கெட்டவன் இவ்வளவெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்வானா?

அன்றிலிருந்து நடாஷா வாய் திறக்கவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் மேடம். பாலிக் புலாவில் நெட் லைன் அப்படித்தான், அடிக்கடி போகும். லைன் வந்ததும் என் பிள்ளை முதலில் என்னோடுதான் பேசுவாள்.