மாடி பாத்ரூம் கீசர்

பாலுசாமி: …நான் ஒண்ணும் ரிப்பேரு வேண்டாங்கலியே. கைய உட்டுப் பாத்தேன், தண்ணி காயலதான்.

நாச்சியம்மாள்: நெசமாவா காயல?

பாலுசாமி: நீதான புள்ள சொன்ன, மாடி பாத்ரூம் கீசர் காயலீன்னு?

நாச்சியம்மாள்: ஆமா… சொன்னேன். நான் சொன்னேன்தான்… ஆனா நெசமாவே காயலீங்களா?

பாலுசாமி: இதென்ன கேள்வி! காத்தால இருந்து கீசரு கீசருன்னு ஒரே பாட்டாப் பாடுன. மெக்கானிக்குக்கும் போனப் போட்டுட்ட. இப்ப வந்து என்றகிட்டக் கேக்கற?

நாச்சியம்மாள்: இல்லீங்க, ஒரு சந்தேகத்துக்கு…

பாலுசாமி: இந்தக் கெரகத்த எத்தன வாட்டிதான் ரிப்பேர் பாக்கறது? நாளைக்கு சோலார்காரன் வாரான். இதக் கழட்டிப் பழைய இரும்புக்காரன்கிட்டத் தள்ளிப்போட்டு, மொட்டமாடியில சோலார் வெச்சறலாம். அப்பறம் மெக்கானிக்கும் வேண்டாம், ஒருத்தனும் வேண்டாம்.

நாச்சியம்மாள்: ஐயோ, அதெதுக்குங்க… நல்ல கீசருங்க அது!

பாலுசாமி: நல்ல கீசரா? அப்பறம் எதுக்குக் காயல?

ரூபன்: சார்… கேட் தெறந்திருந்துச்சு. மேல வரலாங்களா?

நாச்சியம்மாள்: வாங்க மாப்… வாங்க, வாங்க தம்பி! ஏறி வாங்க.

பாலுசாமி: சிங்காநல்லூர் சிக்னல்ல மாட்டிட்டீங்களா?

ரூபன்: ஆமாங்க சார். பீளமேட்டுல இருந்து வாரதுக்குள்ள உசுரு போயிருது.

பாலுசாமி: உங்க பேரு… போன வாட்டி என்னமோ சொன்னீங்களே…

நாச்சியம்மாள்: பாலகோபால்!

ரூபன்: ஆமாங்க… கோபால். பாலகோபாலுங்க.

பாலுசாமி: ஏம்புள்ள, அவரு பேர அவரு சொல்ல மாட்டாரா? …சொந்த ஊரு எதுங்க தம்பி?

ரூபன்: பவானிப் பக்கமுங்க சார்.

பாலுசாமி: பவானியில எந்தப் பக்கம்?

நாச்சியம்மாள்: ஏனுங்க, கீசர் பாக்க வந்தவருகிட்ட ஊரென்ன, தெருவென்னன்னு… எந்தப் பக்கமா இருந்தா நமக்கென்னுங்க? நீங்க கீழ போயி மெயின ஆஃப் பண்ணுங்க.

பாலுசாமி: பேசிட்டு இருந்தா கீசரு கோவிச்சுக்குமா? …கல்யாணம் ஆயிருச்சுங்களா தம்பி?

ரூபன்: ஆச்சுங்க சார்.

பாலுசாமி: கொழந்த?

ரூபன்: ஒரு… ஒரு பொண்ணுங்க. அஞ்சு மாசம் ஆகுது.

பாலுசாமி: ம்… சரி, பாருங்க. மெயின ஆஃப் பண்ணிட்டு, அப்படியே போயிப் பால் வாங்கியாரேன். சித்த நேரமாகும்.

நாச்சியம்மாள்: பால் இருக்குதுங்களே…

பாலுசாமி: இன்னொரு பாக்கெட் இருந்தா உன்ற பிரிட்ஜு என்ன வெடிச்சா போயிரும்?

நாச்சியம்மாள்: சரி சரி, போயிட்டு வாங்க… … …போயிட்டாருங்களா? எட்டிப் பாருங்க மாப்ள.

ரூபன்: கேட்டச் சாத்திட்டுப் போறாருங்கத்தை.

நாச்சியம்மாள்: போன எடுங்க, போன எடுங்க! கொழந்தையக் காட்டுங்க.

ரூபன்: இந்தாங்க, நேத்து எடுத்தது. கிருபா குப்புற உழுந்து தலையத் தூக்கிப் பாக்கறா பாருங்க.

நாச்சியம்மாள்: என்ற சாமி… என்ற தங்கம்… மூக்கப் பாருங்களேன், அப்படியே இவரு மூக்கு! முறைக்கறதும் இவராட்டவே முறைக்குது… பிரியா எங்கீங்க?

ரூபன்: எப்பவும் போல ரோட்டு முக்குல, பேக்கரியிலதானுங்க. கொழந்தைய மடியில வெச்சுட்டு உக்காந்திருக்கறா.

நாச்சியம்மாள்: கூப்புடு தூரத்துல பெத்த புள்ளயும் பேத்தியும் உக்காந்திருக்குதுங்க. நான் பாத்ரூம்ல நின்னுட்டுப் போன்ல பாக்கறேன். என்ன பொழப்புங்க இது!

ரூபன்: ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்களேன்.

நாச்சியம்மாள்: எப்படிங்க வாரது? நீங்க சர்ச்சுக்குப் போறவிங்க, வேற சனம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அவ உங்களுக்கு மால போட்டான்னு தெரிஞ்ச அன்னைக்கே, அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்னு என்றகிட்டச் சத்தியம் வாங்கிப்போட்டாரு. போன்ல பாத்தா அது முழிச்சதா ஆகாதுங்கல்ல?

ரூபன்: ஆகாதுங்கத்தை. போன்ல பாக்கறது கணக்குல வராது.

நாச்சியம்மாள்: அந்தத் தெம்புலதான் இருக்கறேன். அதுக்கும் மண்ணு உழுந்துருச்சு மாப்ள. நாளைக்கு சோலார் வெக்கறாராம்! கீசர் போயிட்டா அப்பறம் என்ன சாக்குச் சொல்லி உங்களக் கூப்புடுவேன்?

ரூபன்: கிரைண்டர் ரிப்பேரும் எனக்குத் தெரியுமுங்க.

நாச்சியம்மாள்: நான் வயித்தெரிச்சல்ல பேசறேன், உங்களுக்குக் கிண்டலு!

ரூபன்: அழுகாதீங்க… மூஞ்சியத் தொடைங்க. அவரு வாரதுக்குள்ள கவரையாவது கழட்டி வெக்கறேன். வேல செஞ்ச மாதிரி இருக்கோணும்ல… … …அத்தை.

நாச்சியம்மாள்: என்னுங்க?

ரூபன்: இதத் திருகி வெச்சது நீங்களாங்க?

நாச்சியம்மாள்: எத?

ரூபன்: இந்த தெர்மோஸ்டாட்ட. தண்ணி எவ்வளவு காயோணும்னு இதுலதான் வெக்கறது. போன தடவ நான் நல்லா ஏத்தி வெச்சுட்டுப் போனேன். இப்பப் பாத்தா அடியோட எறக்கியிருக்குது. இப்படி இருந்தா வெதுவெதுன்னுதான் வரும்.

நாச்சியம்மாள்: ஐயோ, நான் எதையும் தொடலீங்க! கரண்ட்டுன்னாலே நான் கிட்டப் போக மாட்டேன். நான் சும்மா வாயில பொய்யத்தான சொன்னேன், காயலீன்னு!

ரூபன்: பொய் சொன்னீங்க, சரி. அப்பறம் நெசமாவே எப்படிக் காயாமப் போச்சு?

நாச்சியம்மாள்: அதத்தான் நானும் காத்தால இருந்து மண்டையப் போட்டு ஒடச்சுட்டு இருக்கறேன்! அவரு கைய உட்டுப் பாத்துட்டு ஆமாங்கறாரு… ஏனுங்க மாப்ள, சாமி குத்தமா இருக்குமா? சத்தியத்த மீறுனதுக்கு…

ரூபன்: சாமி ஸ்க்ரூ டிரைவர் எடுத்துட்டா வரும்? கவரக் கழட்டாம இதத் தொடவே முடியாதுங்க. போன தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. நீங்கதான் பண்ணீங்கன்னு நெனச்சு, பேசாம ஏத்தி வெச்சேன்.

நாச்சியம்மாள்: நானா! ஊட்ல நானும் அவருந்தான் இருக்கறோம்…

ரூபன்: அப்ப… சாருங்களா?

நாச்சியம்மாள்: நீங்க வேற! அவருக்கு ஒரு பல்பு மாத்தத் தெரியாதுங்க. பேனு ரெகுலேட்டரத் திருகறதுக்கே என்னையத்தான் கூப்புடுவாரு.

ரூபன்: எனக்கு ஒண்ணுமே புரியலீங்கத்தை…

நாச்சியம்மாள்: இருங்க… படியேறி வாராரு! போன உள்ள வைங்க, உள்ள வைங்க!

பாலுசாமி: என்ன, ஆச்சுங்களா தம்பி?

நாச்சியம்மாள்: பால் எங்கீங்க? கைய வீசிட்டு வாரீங்க?

பாலுசாமி: பாலா? …கீழ இருக்குது. என்ன கோளாறு தம்பி?

ரூபன்: தெர்மோஸ்டாட் எறங்கியிருந்துச்சுங்க சார். ஏத்தி வெச்சுட்டேன். இனிமே கொதிக்கக் கொதிக்க வரும்.

பாலுசாமி: ஏத்திட்டீங்களா? எறக்குங்க.

ரூபன்: சார்?

பாலுசாமி: எறக்குங்கன்னா எறக்குங்க.

ரூபன்: எறக்குனா காயாதுங்களே…

பாலுசாமி: காயாட்டிப் போச்சாது.

நாச்சியம்மாள்: ஏனுங்க, காயலீன்னுதான ரிப்பேருக்கே கூப்புட்டோம்!

பாலுசாமி: நீ கூப்புட்ட. நானா கூப்புட்டேன்?

நாச்சியம்மாள்: எனக்குத் தல சுத்துது. காயலீங்கறீங்க, காயாட்டிப் போச்சாதுங்கறீங்க, சோலாருங்கறீங்க…

பாலுசாமி: எனக்குந்தான் சுத்துது. காயற கீசரக் காயலீன்னு சொல்லி, மாசம் தவறாம ஒரு மனுசனப் பீளமேட்டுல இருந்து எதுக்கு வரச் சொல்றது?

நாச்சியம்மாள்: …போதுஞ்சாமி. என்னால முடியல. ஏனுங்க, திட்டறதுன்னா என்னைய மட்டும் திட்டுங்க. இவரு பாலகோபால் இல்ல. ரூபன். நம்ம மோகனப்பிரியா ஊட்டுக்காரரு.

ரூபன்: அத்தை…

நாச்சியம்மாள்: நீங்க சும்மா இருங்க மாப்ள. நாந்தான் பொய் சொல்லி வரச் சொன்னேன். பேத்தி பொறந்ததுல இருந்து போன்லதான் பாத்துட்டு இருக்கறேன். உங்களுக்குப் பண்ணுன சத்தியத்த மீறிப்போட்டேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க, வாங்கிக்கறேன். இந்தக் கீசர மட்டும் கழட்டாதீங்க… உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும்.

ரூபன்: சார், தப்பு என்மேலயுந்தானுங்க. நான் கெளம்பறேன். இனிமே வர மாட்டேன்.

பாலுசாமி: அந்தக் கவர ஆரு மாட்டுவாங்க?

ரூபன்: மாட்டிப்போட்டுக் கெளம்பறேனுங்க சார்.

பாலுசாமி: மாட்டறதுக்கு முன்னால அத எறக்கி வைங்க. கிருபாவுக்குச் சுட்டுரும்.

நாச்சியம்மாள்: ஆருக்கு?

பாலுசாமி: நான் எறக்கி எறக்கி வெக்கறேன், இவரு வந்து ஏத்தி ஏத்தி உட்டுட்டுப் போறாரு. கொழந்தையப் பெத்த அப்பன்தானுங்க நீங்க? பச்ச மண்ணு அது, தோலு தாங்குமா?

நாச்சியம்மாள்: உங்களுக்கு எப்படி அந்தப் பேரு…

பாலுசாமி: மொத வாட்டி இவரு வந்தப்ப டீ குடிக்கலாம்னு பேக்கரிக்குப் போனேன். நம்ம பிரியா அம்மணி உக்காந்திருந்தா. பேசக் கூடாதுன்னுதான் திரும்புனேன். கொழந்த என்ற வேட்டியப் புடிச்சுக்கிச்சு, உட மாட்டீங்குது. அன்னைக்கிருந்து இவரு வாரப்பவெல்லாம் பால் வாங்கப் போறேன்.

ரூபன்: பிரியா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலீங்களே!

பாலுசாமி: நாந்தான் சொல்ல வேண்டாம்னேன். சத்தியம் வாங்குனவனே நான். நானே போயி உக்காந்து கொஞ்சிட்டு வாரேன்னு எந்த மூஞ்சிய வெச்சுட்டு இவகிட்டச் சொல்றது? வெக்கமா இருந்துச்சு நாச்சி. இன்னைக்குக் கூட்டியாந்தர்லாம், இன்னைக்குக் கூட்டியாந்தர்லாம்னு ஒவ்வொரு தடவையும் இத எறக்கி வெச்சுட்டுப் போவேன். எந்திரிக்கறப்பத் தைரியம் போயிரும்.

நாச்சியம்மாள்: அட கெரகமே! பச்சத்தண்ணி கலந்து ஊத்துனா ஆச்சு! இதுக்கா கீசரக் கழட்டுனீங்க? கரண்ட்டு அடிச்சிருந்தா என்ற கதி என்ன!

பாலுசாமி: போன்ல வீடியோ பாத்து, மெயின ஆஃப் பண்ணிட்டுத்தான் கழட்டுனேன்.

நாச்சியம்மாள்: பெத்த புள்ளைக்கு ஒரு நாளாவது தண்ணி ஊத்தியிருந்தாத்தான தெரியும்!

ரூபன்: அப்ப… சோலாருங்க சார்?

பாலுசாமி: சோலாராவது ஒண்ணாவது. அப்படிச் சொன்னாலாவது ஆராச்சும் வாயத் தெறப்பீங்கன்னு பாத்தேன்.

நாச்சியம்மாள்: இத்தன வாய் பேசறீங்க, புள்ளைய இன்னும் அந்த ரோட்டு முக்குல உக்கார வெச்சுட்டு! நகருங்க அக்கட்ட. நானே போயிக் கூட்டியாரேன். என்ற செருப்பு எங்க…

பாலுசாமி: செருப்பு எதுக்குப் புள்ள? கீழ ஹால்லதான் உக்காந்திருக்கறா. ‘அம்மா வந்து கூப்புடட்டும்’ங்கறா… மெல்ல எறங்கு, கொழந்த இப்பத்தான் கண்ண மூடுச்சு.