குவாங்சோ கல்லறையும் திருவொற்றியூர்க் கடலும்

என் பெயர் தாமோதரன், வயது 41, த/பெ. டில்லிபாபு. திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் மனைவி கோவிந்தம்மா, மகள் கீர்த்தியுடன் குடியிருக்கிறேன். சரக்குக் கப்பலில் சமையல்காரன். இன்று காலை கடற்கரையில் என்னைப் பிடித்து, சீனாவிலிருந்து பழம்பொருள் கடத்தியதாகச் சந்தேகித்து விசாரித்ததில் நான் சொல்வதாவது:

கப்பல் குவாங்சோ பக்கம் நின்றபோது ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. நகரத்தின் நடுவே தோண்டியெடுத்த பழைய அரசன் கல்லறையைப் பார்க்கப் போனேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தையது. உள்ளே இறங்கிப் பார்த்தேன். அந்தக் கற்பலகைகளைக் கிரேன் இல்லாமல் எப்படித் தூக்கினார்கள் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. அதன் பிறகு பக்கத்து மியூசியத்தில், பச்சைக்கல் துண்டுகளைப் பட்டுநூலால் கோத்து அரசன் உடலுக்குப் போட்ட உடுப்பைப் பார்த்தேன். கைகளுக்குக்கூட உறை இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்றே எழுதிக்கொள்ளலாம்.

அதன் பிறகு அரசனின் சமையல் சாமான்களைப் பார்த்தேன். இறைச்சி சுடும் வெண்கல அடுப்பில், கம்பி செருகி வைக்கக் குட்டிப் பன்றிகளை வார்த்திருந்தார்கள். அந்த அடுப்பின் மேல் எனக்கு ஆசை வந்தது உண்மை. எதையும் தொடவில்லை. அரசனுக்குச் சமைத்த ஏழு பேரையும் கொன்று அவனோடு புதைத்ததாக இங்கிலீஷ் பலகையில் போட்டிருந்தது. அரசன் பெயர் இருந்தது, அவர்கள் பெயர் இல்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

அதன் பிறகு மியூசியக் கடையில் மகளுக்கு, நடனமாடும் பெண் பொம்மை வாங்கினேன். அது நகல்.

கப்பல் வேலை முடிந்து இன்று விமானத்தில் வந்திறங்கி கோவிந்தம்மாவிடம் போனில் விவரம் சொன்னேன். அவள், "இன்னாது, பொணக் குழிக்குள்ள எறங்கினியா? வூட்டுக்குள்ள காலை வெக்காத. நேரா கடலுக்குப் போய் முழுகினு வா" என்றாள். சாவுக்குப் போனால் முழுகாமல் வாசல் மிதிக்க மாட்டோம். கப்பலில் தினமும் குளித்தது கணக்கில் வராது. பெட்டியைக் கரையில் வைத்தால் காணாமல் போகும் என்று தோளில் சுமந்தபடி இறங்கி முழுகிக்கொண்டிருந்தேன். அப்போது காவலர் அத்தாவுல்லா, "இன்னாபா, பொட்டிய எவன் கைல தள்ளப் போற?" என்று பிடித்து, பொம்மையையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார். வழக்கு விழுந்தால் இனி எந்தக் கப்பலிலும் என்னை ஏற்ற மாட்டார்கள்.

ஒரு முழுக்கு போதாதா, திரும்பத் திரும்ப முழுகி எந்தப் படகுக்குச் சைகை காட்டினாய் என்று கேட்டதற்குச் சொல்கிறேன். முதல் முழுக்கு அரசனுக்கு. மற்றவை அவனுடைய சமையல்காரர்களுக்கு, ஆளுக்கு ஒன்று. அவர்களுக்காக அன்று யாரும் முழுகியிருக்க மாட்டார்கள். என்னைப் பிடித்தபோது ஒருவருக்குப் பாக்கி இருந்தது.

அதன் பிறகு பெட்டிக்குள் இருந்த கடை ரசீதைச் சரிபார்த்து, பொம்மையும் பாஸ்போர்ட்டும் என்னிடம் திருப்பித் தரப்பட்டன. மீதி முழுக்கை முடிக்கும்வரை கரையில் பெட்டியைப் பார்த்துக்கொள்ள அத்தாவுல்லா கூட வருகிறார்.

இதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) தாமோதரன்