அம்மா சரிபார்த்த கடைசி அத்தியாயம்

— அந்தக் கடைசி அத்தியாயத்த நீ வெட்டினா, இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காத!

— அம்மா, இது என் வீடு.

— யாரு வீடா இருந்தா என்னடி? கதைய எழுதினது நீ, உன்னப் பெத்தது நான்.

— கத்தாதம்மா. எடிட்டர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. பாதியில படிப்ப விட்டுட்டு ரொட்டிக்கடைல மாவு பிசைஞ்ச பொண்ணு, சாயங்காலப் பள்ளிக்கூடத்துல போய் ஜம்முனு உக்காருவாளாம். நம்புற மாதிரியே இல்லங்கறார்.

— அவரு கண்டாரு! உன் புத்தகத்தப் படிக்கிறதெல்லாம் பதினஞ்சு பதினாறு வயசுக் குட்டிங்க. அவ அடுப்படிலயே கெடந்தான்னு முடிச்சா, அதுங்க அழுதுட்டே தூங்கணுமா?

— ஆறு புத்தகம் எழுதிப் பேர் வாங்கியாச்சு. இதுல வந்து கெடுத்துக்கணுமா? இன்னிக்கு சாயங்காலம் அச்சுக்குப் போகுது. வெட்டிடறேன்னு ஒத்துக்கிட்டேன்.

— அடிப்பாவி!

— நேர்ல பாத்து எழுதியிருந்தா மல்லுக்கு நிக்கலாம். இது நான் உக்காந்த இடத்துலேர்ந்து அடிச்சுவிட்டது.

— அதான் நான் போய்ப் பாத்துட்டேனே.

— மறுபடியுமா? முதல் புத்தகத்துல கதாநாயகி சுவரேறிக் குதிச்சான்னு நீயும் குதிச்சுப் பாத்து, கால்ல மாவுக்கட்டோட கெடந்தியே, மறந்துபோச்சா?

— கால் கெடக்கு, விடு. அப்புறம் சுவர் உயரத்தக் குறைச்சியா இல்லையா?

— குறைச்சேன் தாயே! சரி, பள்ளிக்கூடத்துல என்ன பாத்த?

— முதல்ல தப்பச் சொல்றேன், கேட்டுக்கோ. வாசல்ல காவலாளி விரட்டுறார்னு எழுதியிருக்க. அவரு பாவம், வழி சொல்லி அனுப்பினார். உள்ள ஒரு டீச்சரம்மா, எதுவரைக்கும் படிச்சீங்கன்னுதான் கேட்டாங்க. ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்கவே இல்ல. உன் கதைல வர்ற பொண்ணு அந்தக் கேள்விக்குப் பயந்துதானே வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போறா?

— அய்யோ அம்மா! இது எனக்குத் தோணவே இல்லையே! இரு இரு, எழுதிக்கறேன். ஏன்னு யாருமே கேக்கல... அப்புறம்? வகுப்பு எப்படி?

— பெஞ்சு குட்டை, முட்டி இடிக்குது. ஒரு பக்கம் லாரி ஓட்டுறவர், இன்னொரு பக்கம் கைக்குழந்தைக்காரி. யாரும் யாரையும் பாத்துச் சிரிக்கல. எல்லாருக்கும் கணக்குதான் எமன்.

— உன்ன பெஞ்சுல வேற உக்கார வச்சாங்களா? எழுத்தாளரோட அம்மான்னு பெருமை அடிச்சிருப்ப.

— ச்சீ, உன் பேரையே எடுக்கல.

— பின்ன என்ன பொய் சொல்லி உள்ள போன?

— பொய் எதுக்குடி? எட்டாவதோட நின்னுபோச்சுன்னு உள்ளதத்தான் சொன்னேன், சேத்துக்கிட்டாங்க. நம்பாத ஆள என்கிட்ட அனுப்பு. இப்ப எழுந்திரு, மேசை எனக்கு வேணும், வீட்டுப்பாடம் கெடக்கு.